கிணற்றை அளந்து எழுது, மகள்

வேலணை,
புரட்டாதிச் சனி.

அன்புள்ள மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து கையோடு எழுத இருந்துவிட்டேன்.

போன வெள்ளி நீ 776 பஸ்ஸில் வந்து வங்களாவடியில் இறங்கி, ஒரு தேத்தண்ணியோடு அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, படகுக்கு நேரமாகுது என்று குறிகட்டுவானுக்கு ஓடிவிட்டாய். அந்த அரை மணித்தியாலத்தில் நீ சொன்னவை ஒரு கிழமையாக எனக்குள் கிடந்து உழலுகின்றன. போனில் பதில் சொல்லலாம். ஆனால் போனில் நீ "ஓம் பெரியம்மா, ஓம் பெரியம்மா" என்பாய், அத்தோடு முடிந்துவிடும். கடிதமென்றால் லாச்சிக்குள் கிடக்கும். வேண்டிய நேரம் எடுத்துப் பார்ப்பாய்.

"நாலு வருசமும் எங்க போச்சுதெண்டு தெரியேல்லை பெரியம்மா" என்றாய். ஆய்வுக்குத் தலைப்பு இன்னும் கொடுக்கவில்லை என்றாய். மூத்த பட்ச் அக்கா ஒருவரின் ஆய்வேட்டை எடுத்து, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது என்று கூட்டாளி ஒருத்தி சொன்னதாகவும் சொன்னாய். பிறகு, எழும்பிப் போகிற நேரத்தில், பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். முதலாம் வருடத்தில் "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் "யாழ்ப்பாணம்" என்று சொல்லி நிறுத்திவிடுவாயாம். நெடுந்தீவு என்று சொல்ல வாய் வராதாம்.

நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சுட்டது. ஏனென்றால் நானும் அப்படிச் சொன்னவள்.

1990 ஆவணியில் தீவுப்பகுதியில் இராணுவம் இறங்கியபோது வேலணை வெறித்துப்போனது. உன் அம்மம்மா, உன் அம்மா, நான், இரண்டு சைக்கிள், ஒரு பெட்டி, அவ்வளவுதான் பண்ணைக்கு அங்கால், யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருவரின் வளவில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தோம். அந்த ஒழுங்கையில் எங்களைத் "தீவார்" என்றுதான் சொல்வார்கள். பெயர் தெரிந்தவர்களும் அப்படித்தான். தண்ணீர் அள்ளப் போன இடத்தில் ஒருநாள் ஒரு மனுசி, "தீவாரை விட்டால் கிணறு வத்திப்போம்" என்றாள். ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, அதே தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சி, மிச்சத்தில் முற்றம் தெளித்து வளர்ந்த சனத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் திருப்பிப் பேசவில்லை. அடுத்த நாள் கம்பஸில் புதுப் பிள்ளை ஒருத்தி ஊர் கேட்டபோது "கொக்குவில் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். கொக்குவிலில் எனக்கு ஒரு பனங்கொட்டைகூடச் சொந்தமில்லை.

ஆகவே உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை. அந்த வெட்கத்திலிருந்து எனக்கு எப்படி விடுதலை வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அது என் கடைசி வருடத்தில் வந்தது.

எங்கள் காலத்தில் நாலு வருடப் படிப்பு நாலு வருடத்தில் முடியாது. மூடுவார்கள், திறப்பார்கள், சோதனை தள்ளிப் போகும். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் திரியைக் கோத்து எரிப்போம். ஒரு கொப்பியின் அரைப் பக்கத்துக்குத்தான் வெளிச்சம் விழும். மற்ற அரைப் பக்கத்துக்குக் கொப்பியை நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தி நகர்த்தித்தான் புவியியல் படித்தேன். சிறப்புக்கலைக்கு ஆய்வு செய்ய வேண்டும் என்றபோது எனக்குத் தெரிந்த இடம் வேலணை ஒன்றுதான். வேலணைக்கோ போகமுடியாது. இடையில் கடலும் இரண்டு பக்கத்துத் துவக்குகளும்.

ஒரு நாள் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அம்மம்மாவோடு போனேன். வேலணைக் கிழவி ஒருத்தி, அம்மம்மாவுக்கு ஒன்றுவிட்ட உறவு, வேப்பமரத்துக்குக் கீழே இருந்தாள். நான் ஊரைப் பற்றிக் கேட்டதும் ஒரு ஈர்க்கை எடுத்து மணலில் கீறத் தொடங்கினாள். "இது ஒழுங்கை. இது எங்கட வளவுக் கிணறு, சோளகம் தொடங்க உவர்க்கும். இது பெரியவீட்டுக் கிணறு, குளிக்கலாம், குடிக்கேலாது. இது கோயில் கிணறு. இந்தத் தண்ணியிலதான் பருப்பு அவியும்." ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு, நடந்து போவதுபோல, வலக்கைப் பக்கம் இடக்கைப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே குத்தினாள். நான் கொப்பியில் பார்த்து வரைந்தேன். பிறகு அடுத்த கிழவன், அடுத்த கிழவி. ஆளுக்கொரு ஒழுங்கை. ஒருவர் விட்ட கிணற்றை மற்றவர் பிடித்தார். ஒரு கிணற்றின் உவர்ப்பைப் பற்றி இரண்டு கிழவர்கள் சண்டை பிடித்து, மூன்று நாள் பேசாமலே இருந்தார்கள்.

மூன்று மாதத்தில் அந்தக் கொப்பியில் என் ஊரின் கிணறெல்லாம் வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலியில் இருந்த கம்பஸுக்குப் போனபோது எனக்குள் என்னவோ மாறியிருந்தது. ஊர் கேட்டவர்களுக்கு வேலணை என்று சொன்னேன். கேளாதவர்களுக்கும் சொன்னேன். கிழடுகளின் கதையெல்லாம் ஆய்வாகுமோ என்று பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். சுளித்தால் சுளிக்கட்டும் என்று இருந்தேன்.

1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நாவற்குழிப் பக்கம் போன சனத்துக்குள் நாங்களும் இருந்தோம். மழை. ஓர் அடி வைக்கக் கால் மணித்தியாலம். அரிசி, உடுப்பு, அம்மம்மாவின் மருந்து, எல்லாம் ஓர் உரப்பைக்குள். அதற்கு நடுவில், இரண்டு சொப்பிங் பையால் சுற்றி, அந்தக் கொப்பி. என் புத்தகங்களும் விரிவுரைக் குறிப்புகளும் அந்த ஓலைக் கொட்டிலோடு போயின. அவற்றுக்காக நான் அழவில்லை. அந்தக் கொப்பிக்கு ஒன்று நடந்திருந்தால் அழுதிருப்பேன். அடுத்த வருடம் திரும்பி வந்துதான் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தேன்.

பிறகு வேலணையில் சனம் மெல்ல மெல்லக் குடியேறியது. கிணறுகளில் பாதிக்கு மேல் தூர்ந்து, எருக்கலையும் பற்றையும் மூடிக் கிடந்தன. கிணறு இறைக்க வந்த பெடியள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றபோது நான் கொப்பியோடு போனேன். பருப்பு அவியும் என்று கிழவி சொன்ன கிணற்றைத்தான் முதலில் இறைத்தோம். அவள் அப்போது உயிரோடு இல்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன்.

உன் வளவில் இரண்டு கிணறு இருக்கிறது. ஒன்று வீட்டுக்குக் கிட்ட, ஒன்று பனங்கூடலுக்குப் பக்கத்தில். நூறு அடி இடைவெளி இருக்குமோ தெரியாது. ஒன்றில் குடிக்கலாம், மற்றதில் கால்தான் கழுவலாம். ஏன் என்று உன் அப்பாவைக் கேட்டால் "அது அப்பிடித்தான்" என்பார். நாலு வருடம் புவியியல் படித்த நீயும் அதே பதிலைச் சொன்னால் அரசாங்கக் காசு வீண் என்பேன். 1945 இலிருந்து இந்த நாட்டில் பள்ளிக்கூடம் தொட்டுப் பல்கலைக்கழகம் வரை இலவசம். அந்தக் காசு உன் அப்பா வாங்குகிற சீனியிலும் மாவிலும் சேர்ந்த வரிதான்.

நீ படித்ததுதான், என்றாலும் உன் கிணற்றோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். உன் தீவு சுண்ணக்கல்லும் பவளப்பாறையும். மழைத் தண்ணீர் கீழே இறங்கி, கடலிலிருந்து உள்ளே வந்திருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் வில்லை மாதிரி மிதக்கிறது. உப்புத் தண்ணீர் பாரம், நல்ல தண்ணீர் இலேசு, அதனால் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும். இதன் மறுபக்கத்தை யோசித்துப் பார். மேலே ஓர் அடியை மோட்டர் போட்டு இறைத்துக் குறைத்துவிட்டால், கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறிவரப் பார்க்கும். நம் முன்னோர் துலாவும் பனையோலைப் பட்டையும் வைத்து இறைத்தபோது கிணறு தாங்கியது. மோட்டருக்கு அது தாங்குமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கணக்கை 1880களின் கடைசியில் எழுதியவர் ஓர் ஒல்லாந்தர், பாடன் கைபன் என்ற இராணுவப் பொறியியலாளர். அம்ஸ்ரர்டாமுக்குப் பக்கத்தில் கிணறு தோண்டுவதைப் பற்றி எழுதப்போய் எழுதினார். 1901 இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜேர்மன்காரர் வடகடல் தீவுகளின் தண்ணீரைப் பார்த்துவிட்டு அதே முடிவுக்கு வந்தார். தீவில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்று, கிணற்றையும் தண்ணீரையும் பார்த்தவர்கள்தான் உலகத்துக்குச் சொன்னார்கள்.

அந்த ஒல்லாந்தர்தான் நம் தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணைக்கு லைடன். புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். நயினாதீவுக்கு ஹார்லம். அனலைதீவுக்கு றொட்டர்டாம். மற்றதெல்லாம் உதிர்ந்துபோக, உன் தீவுக்கு வைத்த டெல்ப்ற் மட்டும் நின்றுவிட்டது. அங்கே லைடனில் 1575 இலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. டெல்ப்றில் 1842 இல் தொடங்கிய பல்கலைக்கழகம் தண்ணீரையும் அணைகளையும் பற்றிய படிப்புக்கு உலகமெல்லாம் பேர் பெற்றது. அந்த டெல்ப்றில் தண்ணீரைப் படிக்க எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் போகிறார்கள். இந்த டெல்ப்றின் தண்ணீரைப் படிக்க இந்த டெல்ப்றில் பிறந்த ஒரு பிள்ளை இருக்கிறாள். அவள் வேறு ஊர் ஆய்வேட்டில் பெயரை மாற்றிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு இருக்கிறாள்.

அதைப் பற்றி ஒரு சொல்தான். அது களவு. கூட்டாளிக்கும் சொல்லு. சோதனையில் குறைந்த புள்ளி எடுத்தவளாக நீ வந்தால் நான் புட்டும் கணவாய்க் கறியும் வைத்துத் தருவேன். மற்றவளின் உழைப்பில் முதல் வகுப்பு எடுத்து வந்தால் என் வாசற்படி ஏறாதே.

எப்படிச் செய்வது என்று கேட்பாய். ஒரு நூல்கயிறு, நுனியில் ஒரு பாரம், முழத்துக்கு ஒரு முடிச்சு. கிணற்றுக் கட்டில் ஓர் இடத்தில் பெயின்ற்றால் அடையாளம் வை. எப்போதும் அதே இடத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை அள. கடற்கரைக்குக் கிட்டிய கிணறு வற்றுக்கும் பெருக்குக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆகவே நேரத்தையும் எழுது. உப்பை அளக்க மின்கடத்துதிறன் பார்க்கும் சிறிய மீற்றர் துறையில் இருக்கும். எழுத்தில் கேட்டு, கையெழுத்து வைத்து, வாங்கிக்கொண்டு போ, சொன்ன நாளில் திருப்பிக் கொடு. சாராப்பிட்டிக் கிணறுகளையும் சேர்த்துக்கொள். ஊரே நம்பியிருக்கிற நல்ல தண்ணீர் அது. எல்லாக் கிணற்றையும் அளக்க வெளிக்கிடாதே. முப்பது கிணற்றை ஒழுங்காக அளந்தால் போதும்.

மீற்றர் சொல்வதை எழுதிய பக்கத்திலேயே அந்த வீட்டு மனுசி சொல்வதையும் எழுது. பருப்பு அவியுமா, தேத்தண்ணி கறுக்குமா, எந்த மாதம் பவுசர் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார்கள், குடம் தூக்குவது வீட்டில் யார், எவ்வளவு தூரம். தூக்குவது எப்போதும் பெண்பிள்ளைதான் என்று வந்தால் அதையும் ஓர் அட்டவணையாகப் போடு.

இன்னொன்று இருக்கிறது. அதைக் கேட்கும்போது ஊர்ப் பெரியவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். இந்தக் கிணற்றில் முன்னம் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்றிருந்தது? அதைக் கேளாமல் தீவுக் கிணறுகளைப் பற்றி எழுதினால் அது அரைவாசி எழுத்துத்தான். புங்குடுதீவில் பிறந்த மு. தளையசிங்கம் பேராதனையில் பொருளியல் படித்தவர். இரத்தினபுரியில் படிப்பித்தவர். கொழும்பிலோ கண்டியிலோ பேரோடும் வசதியோடும் இருந்திருக்கலாம். ஊருக்கு வந்தார். 1971 இல், கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சனமும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று சத்தியாக்கிரகம் இருந்து பொலிஸிடம் அடி வாங்கினார். 1973 இல் இறந்தபோது வயது 38. இலக்கியக்காரர்கள் அவருடைய "போர்ப்பறை"யையும் "மெய்யுள்" என்ற நூலையும் பற்றிப் பேசுவார்கள், பேசட்டும். எனக்கு அவர் ஒரு பட்டதாரி, படித்து முடித்து வந்து ஊர்க் கிணற்றடியில் இருந்தவர். குறிகட்டுவானுக்குப் போகிற உன் பஸ் அவருடைய ஊருக்குள்ளால்தான் போகிறது.

நாலு வருடம் எங்கே போனது என்று கேட்டாயே, அதற்கும் ஒருவர் இருக்கிறார். இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம், ஊர்காவற்றுறைக் கரம்பொன். 1913 இல் அங்கே பிறந்த பிள்ளைதான் தனிநாயகம் அடிகள். ஆங்கிலத்தில் படித்து, ரோமாபுரியில் இறையியல் முடித்து, குருவாகித் தமிழ்நாட்டில் வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர். தமிழைச் சரியாகப் படிக்கவில்லையே என்ற குறை அவருக்கு அங்கேதான் உறைத்தது. 1945 இல், முப்பது வயதைத் தாண்டியவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவனாகப் போய் வாங்கில் இருந்தார். 1952 இல் "தமிழ்க் கல்ச்சர்" என்ற ஆங்கில இதழைத் தொடக்கினார். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது அவருடைய முயற்சியால். முப்பத்திரண்டில் அவர் தொடங்கினார். உனக்கு இருபத்து நாலு. மிச்சம் இருக்கிற எட்டு மாதத்தைப் பார்த்து முடிந்துபோச்சு என்று சொல்லாதே.

நீ அந்தக் கம்பஸுக்குப் போகக்கூடியதாக இருக்கிறதே, அதையும் ஒரு தடவை நினைத்துக்கொள். 1974 இல், இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் தலைவர் கைலாசபதிக்கு வயது 41. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாகி, வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். அதற்கு முந்தித் தீவுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்றால் கொழும்பும் பேராதனையும்தான். பெண்பிள்ளைகளை யார் விட்டார்கள்? இப்போது ஒரு படகு, ஒரு பஸ். அந்தப் படகும் இலேசான படகில்லை. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் போன சனத்தில் பலரை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். குழந்தையென்றும் கிழவியென்றும் பார்க்கவில்லை. அந்தக் குமுதினியைத் திருத்தி மறுபடி ஓட்டி, அதே கடலால் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய ஊர் உன்னுடையது. எந்த ஊர் என்று கேட்டால் உரத்துச் சொல்லு.

வேலையைப் பற்றி உன் அம்மா தினமும் போன் எடுத்து அழுகிறாள். பயம் நியாயமானது. 2017 இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வெயிலில் இருந்ததை நீயும் பார்த்திருப்பாய். 2020 இல் நாடு முழுக்க 50,000 பேருக்கு மேல் மாதம் 20,000 ரூபாவுக்குப் பயிலுனர்களாக எடுத்தார்கள். அப்படி இன்னொரு தடவை வரும் என்று நம்பிக்கொண்டு வீட்டில் இருக்காதே. ஆங்கிலத்தை விடாதே, தினமும் ஒரு பக்கமாவது உரத்து வாசி. கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ் படிப்பை அரைகுறையாக விட்டதாகச் சொன்னாய், அதை முடி. உன் முப்பது கிணற்றையும் அதில் போட்டாலே பாதி படித்தமாதிரி. நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் ஆசிரியர் சேவைக்கும் விண்ணப்பம் வரும்போது போடு. கனடா மாமா ஒழுங்கு செய்கிறேன் என்றால் அதையும் யோசி, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போனாலும் இந்த ஆய்வை முடித்துவிட்டுப் போ. கலியாணப் பேச்சை ஆய்வு முடியும்வரை எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சம் கோபம். ஆறும்.

கம்பஸில் குப்பி என்று சொல்லித் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அந்தப் பேரை எனக்குப் பிடிக்கும். குப்பி விளக்குத்தானே அது. சோதனை வருகிறது என்று அதை நிறுத்திவிடாதே. இந்த வருடம் எழுவைதீவிலிருந்தோ அனலைதீவிலிருந்தோ ஒரு பிள்ளை புதிதாக வந்திருப்பாள். எந்த ஊர் என்று கேட்டால் "யாழ்ப்பாணம்" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பாள். அவளைக் கண்டுபிடி. உன்னை ஒருவரும் தேடி வரவில்லை, நீ தேடிப் போ. பகிடிவதைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, யாரும் செய்தால் பார்த்துக்கொண்டும் நிற்காதே. 1998 இலேயே அதற்குத் தண்டனைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், பெற்ற தாயொருத்தி படகேற்றிவிட்ட பிள்ளையை அழவைக்க யாருக்கு உரிமை? படிப்பு முடிந்து போகும்போது, அறை தந்த வீட்டு ஆச்சிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடு. காசு நான் தருகிறேன்.

எழுதி முடித்தால் மூன்று பிரதி எடு. ஒன்று துறைக்கு. ஒன்று நெடுந்தீவில் உன் பள்ளிக்கூடத்துக்கு. ஒன்றை, 2005 இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வைக்கிற நூலகம் நிறுவனத்தாரிடம் கொடு. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். ஒரு பிரதி மட்டும் ஓர் இடத்தில் இருந்தால் எனக்கு நித்திரை வராது. என் கொப்பியையும் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று பல வருடமாக நினைக்கிறேன், செய்யவில்லை. அது என் பிழை. உன்னோடு சேர்த்து இந்த வருடம் கொடுக்கிறேன்.

இனித்தான் அவசரமான விசயம். இப்போது புரட்டாதி. உன் தீவில் கிணறெல்லாம் அடியில் நிற்கிற காலம். ஐப்பசியில் வாடை திரும்பி மழை இறங்கினால் தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும், உவர்ப்புக் குறைந்துவிடும். மழைக்கு முந்தின அளவு இல்லாமல் மழைக்குப் பிந்தின அளவுக்கு அர்த்தம் இல்லை. அந்த அளவைத் தவறவிட்டால் அடுத்த புரட்டாதிவரை காத்திருக்க வேண்டும், அப்போது உனக்குப் பட்டமளிப்பும் முடிந்திருக்கும். ஆகவே தலைப்பு யோசிக்க இன்னும் ஒரு மாதம் என்ற கதை வேண்டாம். திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லு. அவர் வேறு சொன்னாலும் உன் வளவுக் கிணறுகள் இரண்டையும் நீ அளந்து வைத்துக்கொள்.

நூல்கயிறு வாங்கி, முழத்துக்கு ஒன்றாக இருபது முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். பாரத்துக்கு உன் அம்மம்மாவின் பாக்கு இடிக்கிற சிறிய உலக்கை. வெள்ளிக்கிழமை வங்களாவடியில் இறங்கி எடுத்துக்கொண்டு போ. கொப்பியும் மேசையில்தான் இருக்கும். நான் எப்படி எழுதினேன் என்று பார்த்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுப் போ.

அன்புடன்,
பெரியம்மா